பாலிசியைப் பிரிக்காமலே புரிந்துகொள்வது எப்படி?

டாப்-அப் மருத்துவக் காப்பீடு வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும் பத்துப் படிகளில் ஓர் எளிய வழிகாட்டி

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒருவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால், அவர் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டவராக இருந்திருப்பார். இதிலிருந்து, படித்தால் க்ளெய்ம் கிடைக்காது என்று முடிவுகட்டிவிடலாம். அந்த ஆபத்திலிருந்து உங்களைக் காப்பதுதான் இந்தக் கையேட்டின் நோக்கம். குறிப்பாக, ஆபீசில் கொடுத்த பாலிசி ஒன்று கையில் இருக்க, அது போதாதென்று அதற்கு மேல் டாப்-அப், சூப்பர் டாப்-அப் என்று வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் பயன்படும். ஒரு பாலிசியைப் படிக்காமல் இருப்பது எல்லாருக்கும் கைவந்த கலை. இரண்டைப் படிக்காமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

படி 1: நாள் பாருங்கள், ஆள் பாருங்கள்

டாப்-அப் வாங்க உகந்த நாள் மார்ச் 31. மாலை வேளை இன்னும் விசேஷம். அந்த நேரத்தில் உங்கள் சிந்தனை முழுக்க வருமான வரிச் சலுகையில்தான் இருக்கும்: குடும்பத்துக்குக் கட்டும் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரை கழிவு, மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டினால் மேலும் 50,000 வரை. இந்தச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியவர்களும் அதே மாலையில் அதே அவசரத்தில் வாங்குவதைக் காணலாம். பல வருஷப் பழக்கம், லேசில் விடுமா?

அடுத்தது ஆள். ஏஜென்ட் சொந்தக்காரராக இருப்பது உத்தமம். மச்சினரின் மகன், பெரியம்மாவின் பேரன், யாராக இருந்தாலும் சரி. சொந்தத்தில் கேள்வி கேட்டால் மனஸ்தாபம் வரும் என்பதால் கேள்வி கேட்கிற சிரமம் மிச்சம். "எல்லாம் கவர் ஆயிடும் மாமா" என்று அவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தையே ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்திடம் பல பக்கங்களில் வேறோர் ஒப்பந்தம் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட ஆஸ்பத்திரி வராந்தாவில் நேரம் நிறையக் கிடைக்கும்.

பணம் கட்டுகிற வேளையில், "கான்சர் வந்தால் எவ்வளவு தருவார்கள்?" என்பது போன்ற அபசகுனமான கேள்விகளையும் தவிர்த்துவிடுங்கள். "வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று வீட்டில் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். காப்பீடு என்பதே கெட்ட வார்த்தைகளின் பட்டியல்தான், அதில் எந்தெந்தக் கெட்டதற்குப் பணம் உண்டு என்பதே விஷயம் என்று அவர்களுக்கு விளக்கப் புகுந்தால் சாயந்திரம் போய்விடும்.

படி 2: விலை குறைந்ததையே எடுங்கள்

டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டையும் அருகருகே வைத்தால் டாப்-அப் பிரீமியம் கொஞ்சம் குறைவாக இருக்கும். 'சூப்பர்' என்பது ஜவுளிக்கடைக்காரர் சேலைக்குச் சொல்வது போன்ற வெறும் அலங்காரம் என்று முடிவு செய்து, மலிவானதை வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள் மட்டும் இந்தப் பத்தியைப் படிக்கலாம். ஆபீஸ் பாலிசி 5 லட்சம். அதற்கு மேல் 5 லட்சம் டிடக்டிபிளுடன், அதாவது முதல் 5 லட்சத்தைத் தராத ஏற்பாட்டுடன், 15 லட்சத்துக்கு ஒரு டாப்-அப். அப்பாவுக்கு ஜூனில் ஆஞ்சியோபிளாஸ்டி, பில் 4 லட்சம். டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஆபரேஷன், இன்னொரு 4 லட்சம். ஆபீஸ் பாலிசி முதல் பில்லை முழுதாகக் கட்டிவிடும். இரண்டாவதில் மிச்சமுள்ள 1 லட்சத்தைத் தரும். மீதி 3 லட்சத்துக்கு டாப்-அப் பாலிசியைத் தூக்கிக்கொண்டு போனால், ஒரு பைசா வராது. டாப்-அப்பில் 5 லட்சம் என்ற எல்லையை ஒவ்வொரு அட்மிஷனும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். இரண்டு பில்லுமே 4 லட்சத்தில் நின்றுவிட்டன. சூப்பர் டாப்-அப் அப்படியல்ல. பாலிசி ஆண்டில் வந்த பில்களை எல்லாம் கூட்டும். 8 லட்சத்தில் 5 லட்சம் போக, அந்த 3 லட்சத்தைத் தரும்.

ஆக, பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது சில நூறோ ஆயிரமோ, கைவிட்டுப் போனது 3 லட்சம். சிக்கனம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

படி 3: டிடக்டிபிளை மறந்துவிடுங்கள்

டாப்-அப் வாங்கியவர்களிடையே ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு: முதல் பாலிசி எதை மறுக்கிறதோ அதை இரண்டாவது பாலிசி தரும். இந்த நம்பிக்கையைப் பத்திரமாகக் காப்பாற்றுங்கள். கூடுதலாகப் பணம் கட்டியிருக்கிறோமே, பிறகு எதற்காம்?

உண்மையில் டாப்-அப் ஒரு மாடி அறை. கீழ்த்தளத்தில் விழுந்த ஓட்டையை அது அடைக்காது. கீழே ஒருவர் கையுறைக்குப் பணம் தர மறுத்தால், மேலே இருப்பவர் இறங்கிவந்து தர மாட்டார். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏறிய பில்லை மட்டுமே பார்ப்பார். அதிலும் உயரத்தைத் தன் அளவுகோலால்தான் அளப்பார்: ஆஸ்பத்திரி பில்லில் என்ன இருக்கிறது என்பதல்ல, தன் விதிப்படி அதில் எவ்வளவு ஏற்கத்தக்கது என்பதே பல பாலிசிகளில் கணக்கு.

அந்த மாடிக்குப் படிக்கட்டு கட்டும் பொறுப்பு உங்களுடையது. ஆபீஸ் பாலிசி இருக்கும் தைரியத்தில் 5 லட்சம் டிடக்டிபிள் போட்டுக்கொண்டீர்கள். 52 வயதில் வேலை போகிறது. கடைசிச் சம்பளத்தோடு ஆபீஸ் பாலிசியும் போகிறது. டிடக்டிபிள் மட்டும் போகாது. இனி எந்த வியாதி வந்தாலும் முதல் 5 லட்சம் உங்கள் சட்டைப்பையிலிருந்து. இந்தச் சூழ்நிலையைத் தவிர்க்கச் சொந்தமாக ஓர் அடிப்படைப் பாலிசி சின்னதாகவாவது வைத்துக்கொள்ளலாம்தான். தனிநபர் பாலிசிகளின் பிரீமியத்தில் இருந்த 18 சதவீத ஜிஎஸ்டிகூட 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஆனால் கம்பெனி நம்மைக் கைவிடாது என்று நம்புவதற்கு எந்தப் பிரீமியமும் இல்லையே.

இரண்டு பாலிசிகளின் தேதியும் வேறு வேறாக இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் பாலிசி ஏப்ரலில் தொடங்கட்டும், சூப்பர் டாப்-அப் அக்டோபரில். ஆகஸ்டில் ஒரு பில், நவம்பரில் ஒரு பில் என்று வந்தால், ஆபீஸ் பாலிசிக்கு இரண்டும் ஒரே ஆண்டு, சூப்பர் டாப்-அப்புக்கு வெவ்வேறு ஆண்டு. கூட்டிப் பார்க்க முடியாது. 'சூப்பர்' என்ற அடைமொழிக்காகக் கூடுதலாகக் கட்டிய பிரீமியம் இப்படித்தான் முழுமையாக வீணாகும்.

படி 4: ப்ரபோசல் ஃபார்மில் கையெழுத்து மட்டும் போடுங்கள்

ஃபார்மில் ஏகப்பட்ட கட்டங்கள். சர்க்கரை உண்டா? ரத்த அழுத்தம் உண்டா? முன்பு எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா? ஏஜென்ட் தம்பி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டே போவார். "சும்மா எழுதினா பிரீமியம் ஏறும் மாமா. மாத்திரைதானே சாப்பிடுறீங்க, வியாதியா என்ன?" அந்தத் தர்க்கத்தின் அழகில் மயங்கிக் கையெழுத்திடுங்கள். டிக் அடித்த கை அவருடையது. கையெழுத்து உங்களுடையது. நிறுவனம் பின்னால் தேடிவருவது கையெழுத்தைத்தான்.

பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்துச் சொன்ன, அல்லது சிகிச்சையோ ஆலோசனையோ பெற்ற நோய்தான் 'முன்பே இருந்த நோய்'. இன்சூரன்ஸ்காரர்கள் பி.இ.டி. என்பார்கள். சொல்லிவிட்டு எடுத்தால் அதிகபட்சம் 36 மாதம் காத்திருந்த பிறகு அதற்கும் பணம் உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன்பு இந்த உச்சவரம்பு 48 மாதமாக இருந்தது, ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ குறைத்தது. சொல்லாமல் எடுத்தால் க்ளெய்மும் போகலாம், பாலிசியே ரத்தும் ஆகலாம்.

"அஞ்சு வருஷம் தாண்டிட்டா எதுவும் கேக்க மாட்டான்" என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார். பாதி சரி. தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்துவந்த பிறகு, மறைத்துவிட்டார் என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். உச்சவரம்புகளும் விலக்குகளும் அப்போதும் அப்படியே இருக்கும். டீக்கடைக்காரரின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 5: வந்த பாலிசியைப் பீரோவில் வையுங்கள்

பாலிசி வந்ததும் மஞ்சள் குங்குமம் வைத்து, பட்டுப்புடவைக்கு அடியில் நிலப்பத்திரத்தோடு வைத்துவிடுவது மரபு. மின்னஞ்சலில் பிடிஎஃப் ஆக வந்தால் இன்னும் வசதி, தேட வேண்டிய கடவுச்சொல்லே ஒரு பாதுகாப்பு.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் உங்களுக்கு அவகாசம் உண்டு. நிபந்தனைகள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்து, காப்பில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு போன்ற சில கழிவுகள் போக பிரீமியத்தை வாங்கிக்கொள்ளலாம். இதற்கு 'ஃப்ரீ லுக்' என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் எதையும் விடாத நாம் விட்டுவிடும் ஒரே இலவசம் இதுதான்.

கூடவே வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று வரும். காத்திருப்புக் காலம், விலக்குகள், உச்சவரம்புகள், யாரிடம் புகார் செய்வது என எல்லாவற்றையும் சில பக்கங்களில் சுருக்கித் தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ உத்தரவு. 2024 ஜனவரி முதல் புதிய வடிவம். கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். ஆகவே கேட்டுவிடாதீர்கள். தமிழில் வந்தால் படிக்கவில்லை என்பதற்குச் சாக்கு கிடைக்காது.

படி 6: வியாதிகளுக்கு முறை வைத்துக் கொடுங்கள்

புதுப் பாலிசியில் வியாதிகள் வரிசையில்தான் வர வேண்டும். முதல் 30 நாளில் விபத்து மட்டும் நடக்கலாம், காய்ச்சல் வரக்கூடாது. கண்புரை, குடலிறக்கம், மூலம், மூட்டு மாற்று போன்றவை பெரும்பாலும் 24 மாதம் காத்திருக்க வேண்டும். பழைய சர்க்கரையும் பழைய பிரஷரும் 36 மாதம் வரை பொறுக்க வேண்டும். உடம்புக்கு இந்த அட்டவணையை முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

இரண்டு பாலிசி வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சுவாரஸ்யம் உண்டு. ஆபீஸ் குழுப் பாலிசிகள் பலவும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்களுக்கும் பணம் தருபவை, பிரசவத்துக்கும் தருபவை. அதே பழக்கத்தில் மேலே உள்ளதும் தரும் என்று எண்ணிக்கொள்வோம். அது தனிப் பாலிசி, தனி நிபந்தனை, தனிக் கடிகாரம். சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறுக்கு 9 லட்சம் பில் வந்தால், கீழ்ப் பாலிசி தன் 5 லட்சத்தைத் தந்துவிடும். மேல் பாலிசியோ, "இன்னும் 14 மாதம் கழித்து வாருங்கள்" என்று கடிதம் போடும்.

படி 7: கேஷுவால்டியில் மாமாவைப் பேச விடுங்கள்

நெஞ்சுவலி என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் கொண்டுபோகிறீர்கள். டியூட்டி டாக்டர் விவரம் கேட்பார். நோயாளியின் மனைவிக்கு அழுகை, மகனுக்குப் பதற்றம். இந்த நேரத்தில் முன்னால் வந்து நிற்பவர் ஒரு மாமா. எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு எல்லாம் தெரியும்.

"சுகர் இருக்கா?"

"ஓ, அது இருக்குது பத்து வருஷமா!"

உண்மையில் சர்க்கரை கண்டுபிடித்தது போன வருஷம்தான், பாலிசி எடுத்த பிறகு. மாமா சொன்ன பத்து, ஒரு வழக்குச் சொல். 'ஆயிரம் தடவை சொல்லிட்டேன்' என்பதில் வரும் ஆயிரம் போன்றது. ஆனால் டியூட்டி டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார். அங்கிருந்து அது டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகும், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு. பாலிசிக்கு முன்பே நோய் இருந்தது, மறைத்துவிட்டார் என்று க்ளெய்ம் திரும்பி வரும். அதற்குள் மாமா ஊருக்குப் போயிருப்பார்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கையெழுத்தாவதற்கு முன் வாங்கிப் படிப்பது, தேதிகளும் வருஷக்கணக்கும் சரிதானா என்று பார்ப்பது, தவறென்றால் சிகிச்சை தந்த டாக்டரிடம் பழைய பரிசோதனை ரிப்போர்ட்டுகளைக் காட்டி எழுத்தில் திருத்தம் கேட்பது ஆகியவை மாமாவை அவமதிக்கும் செயல்கள். செய்யாதீர்கள்.

"எதுக்கும் ரெண்டு நாள் வெச்சுப் பாத்துடுவோம்" என்று டாக்டர் சொன்னால் உடனே சம்மதியுங்கள். பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டுமே படுத்திருந்தால் பணம் கிடையாது என்பது எல்லாப் பாலிசிக்கும் பொதுவான விலக்கு, அதன் எண் எக்ஸ்க்ளூஷன் 04. வெறும் ஓய்வுக்காகப் படுத்தால் 05. வரிசையாக 18 வரை போகும். 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டுக்கான சிகிச்சை 15. தொழில்முறையாக ஆபத்தான விளையாட்டுகளில் இறங்கிக் காயம்பட்டால் 09. அங்கே பாறையேற்றம், மோட்டார் பந்தயம், குதிரைப் பந்தயம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மஞ்சுவிரட்டு இல்லை. ஆனால் 'இவை மட்டுமின்றி' என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது, எந்தக் காளையும் அதற்குள் புகுந்துவிடும்.

படி 8: டீலக்ஸ் ரூம் எடுங்கள்

இன்சூரன்ஸ் இருக்கும்போது ஏன் ஷேரிங் ரூமில் படுக்க வேண்டும்? பார்க்க வருகிற சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? சோபா, ஃப்ரிட்ஜ், டிவி உள்ள அறையாகவே கேளுங்கள்.

5 லட்சம் பாலிசியில் அறை வாடகை 1 சதவீதம் என்று ஒரு வரி இருந்தால், நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 10,000 ரூபாய் அறை. நான்கு நாளைக்குக் கூடுதல் 20,000 தானே, கையிலிருந்து கட்டிவிடலாம் என்பது உங்கள் கணக்கு. நிறுவனத்தின் கணக்கு வேறு. அறை தகுதிக்கு இரண்டு மடங்கு என்றால், அறையின் தரத்தோடு சேர்ந்து ஏறும் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர்.

பில்லில் அறை வாடகை 40,000, டாக்டர் தியேட்டர் வகையறா 2 லட்சம், மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை 1 லட்சம் என்று வையுங்கள். மருந்துக்கும் உடலில் பொருத்தும் சாதனங்களுக்கும் பரிசோதனைகளுக்கும் இந்தக் கழிவு கிடையாது. அந்த 1 லட்சம் முழுதாக வரும். அறைக்கு 20,000, மற்றதற்கு 1 லட்சம். ஆக 3,40,000 ரூபாய் பில்லில் கிடைப்பது 2,20,000. 20,000 ரூபாய் சோபாவுக்கு நீங்கள் கொடுத்த விலை 1,20,000. இந்தப் பணத்தை டாப்-அப்பில் கேட்கலாமா? பில் 5 லட்சத்தையே எட்டவில்லை. மூன்றாம் படியை மறந்திருந்தால் இப்போது ஞாபகம் வரும்.

அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரிகளில் இந்தக் கழிவைப் போடக்கூடாது என்றும், ஐசியூ கட்டணத்தில் போடக்கூடாது என்றும் விதி இருக்கிறது. இதை இன்சூரன்ஸ் டெஸ்கில் சொல்லிவிட்டால் அங்கே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தவிர்க்கவும்.

படி 9: டிஸ்சார்ஜ் அன்று பொறுமை காக்கவும்

காலை பத்து மணிக்கு டாக்டர், "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். சாயந்திரம் ஆறு மணிக்கும் நோயாளி சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "அப்ரூவல் வரணும் சார்" என்கிறது டெஸ்க். கேஷ்லெஸ் அனுமதிக் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும், தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதாவது வசூலித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 2024 மே மாதம் ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டது. இதைத் தெரிந்துகொண்டு சண்டை போடுவதைவிட, கேன்டீனில் இன்னொரு காபி குடிப்பது மரியாதை.

பில் வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதீர்கள். கையுறை, முகக்கவசம், ஈசிஜி எலக்ட்ரோடு, டயாப்பர், மினரல் வாட்டர், சான்றிதழ்க் கட்டணம் என்று 68 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் தவிர இவற்றுக்குப் பணம் வராது. கையுறை இல்லாமல் ஆபரேஷன் செய்யச் சொல்லலாமா என்று யாரும் இதுவரை டாக்டரிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பிணவறைக் கட்டணமும் இந்தப் பட்டியலில் சேர்த்திதான். அந்த ஒரு தொகையைப் பற்றிப் பாலிசிதாரர் நேரில் வந்து புகார் செய்ததே இல்லை.

பில் 5 லட்சத்தைத் தாண்டும் என்று தெரிந்தாலும் டாப்-அப் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லாதீர்கள். முதலில் கீழ்ப் பாலிசி முடியட்டும் என்று காத்திருங்கள். பிறகு போனால், அட்மிஷன் ஆனபோதே ஏன் சொல்லவில்லை என்பார்கள். அசல் பில்கள் எல்லாம் முதல் நிறுவனத்திடம் போயிருக்கும். இரண்டாமவர் சான்றொப்பமிட்ட நகல்களும், முதல் நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்ற கடிதமும் கேட்பார். ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்ஷனுக்கும் வீட்டுக்கும் நடந்தால் ஆபரேஷனுக்குப் பிந்தைய நடைப்பயிற்சிக் கணக்கில் சேரும்.

படி 10: நிராகரித்தால் விதி என்று விட்டுவிடுங்கள்

நிராகரிப்புக் கடிதம் வந்தவுடன் செய்ய வேண்டியது, ஏஜென்ட் தம்பியைப் போனில் திட்டுவது. சொந்தம் அறுந்துவிடும், மனம் ஆறிவிடும், விஷயம் முடிந்துவிடும்.

இதோடு நிற்காதவர்கள் சிலர் உண்டு. எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தீர்கள் என்று கேட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுவார்கள். ஐஆர்டிஏஐயின் 155255 எண்ணிலோ பீமா பரோசா தளத்திலோ புகாரைப் பதிவுசெய்வார்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவார்கள். ஓம்புட்ஸ்மேன் என்று சொன்னால் பலருக்குப் புரியும். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் அனுமதியில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். காப்பீட்டு நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அங்கே போகிறவர்கள் கையில் எடுத்துப் போவது, "எல்லாம் கவர் ஆயிடும்" என்ற வாக்கியத்தை அல்ல. பீரோவிலிருந்து எடுத்த பாலிசியையும், அடிக்கோடிட்ட நிபந்தனையையும், தேதி உள்ள ரிப்போர்ட்டுகளையும்தான். இரண்டு தரப்பும் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரே ஆவணத்தைப் படிக்கும்.

பின்னிணைப்பு: ஏஜென்ட்டிடம் ஒருபோதும் கேட்கக்கூடாத கேள்விகள்

1. இது டாப்-அப்பா, சூப்பர் டாப்-அப்பா? டிடக்டிபிள் ஒவ்வொரு அட்மிஷனுக்குமா, வருஷத்துக்கு ஒருமுறையா?

2. என் ஆபீஸ் பாலிசி போய்விட்டால் இந்த டிடக்டிபிளைக் குறைக்க முடியுமா? முடியும் என்றால் எப்போது, என்ன நிபந்தனையில்?

3. அறை வாடகைக்கு வரம்பு உண்டா? கீழ்ப் பாலிசியில் உள்ள வரம்பும் இதுவும் ஒன்றா?

4. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஃபார்மில் எழுதிவிட்டேன். எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?

5. கோ-பே, அதாவது பில்லில் என் பங்கு, எத்தனை சதவீதம்? எந்த வயதுக்கு மேல்?

6. எங்கள் ஊர் நர்சிங் ஹோம் உங்கள் கணக்கில் ஆஸ்பத்திரியா? (10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15 படுக்கை, 24 மணி நேர நர்ஸ், சொந்தத் தியேட்டர் இருந்தால்தான் அது ஆஸ்பத்திரி. உள்ளாட்சியில் பதிவு செய்திருந்தாலும் போதும் என்ற விதிவிலக்கைக் கேட்டுவைக்க வேண்டாம்.)

7. இரண்டு பாலிசியையும் ஒரே தேதியில் தொடங்க வைக்க முடியுமா?

8. இப்போது சொன்ன பதில்களை எல்லாம் ஒரு மின்னஞ்சலில் எழுதித் தர முடியுமா, தம்பி?

எட்டாவது கேள்வியைக் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தம்பி எழுதித் தருவார், நீங்கள் வாங்குவது என்ன என்று பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும். அல்லது அவருக்கு அவசரமாக ஒரு போன் வரும், அப்போதும் தெரிந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் தெரிந்துவிடுகிறது என்பதால்தான் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறோம். அதுவரை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.